நண்டு ஏறிய கயிறு

செப்டம்பர் இருபதாம் நாள், புதன்கிழமை, காலை ஐந்து மணி பத்து நிமிடம். புரட்டாசி பிறந்து மூன்றாம் நாள். கரையிலிருந்து வந்த அழைப்பை எடுத்தேன். அந்தப் பேச்சு நாற்பத்திரண்டு நொடிகளில் முடிந்தது. கைபேசியில் அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது; நான் அழிக்கவில்லை.

இனி அந்தக் காலை நாற்காலியில் அமரப்போகும் உங்கள் இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். பணியிலிருந்து ஓய்வு பெறுபவர்கள்தான் இவ்வாறு எழுதுவது வழக்கம். எனக்கு இருபத்து நான்கு வயது. செங்கல்பட்டில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்லும் நம் நிலையத்தில் காலைப் பணி பார்த்தேன். இப்போது ஆய்வுப் படிப்புக்காக விலகுகிறேன். வானிலிருந்து எடுத்த கடல் படங்களைத் திறப்பது, குரலைப் பதிவு செய்வது, கோவளத்திலிருந்து தெற்கே உள்ள குப்பங்களின் கைபேசிகளுக்கெல்லாம் அதை ஒரே நேரத்தில் அனுப்புவது ஆகியவற்றை உங்களுக்கு மற்றவர்கள் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்லவிருப்பது அதில் அடங்காதது.

நம் வேலை எளிமையானதாகத் தோன்றும். கடலைப் பற்றிய அறிக்கைகள் வரும். அவற்றைக் கேட்பதற்கு ஏற்ற தமிழில் எழுதி, இரண்டு நிமிடத்துக்குள் பேசி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன் கரையிலிருந்து ஒருவர் அன்றைய தண்ணீர் எப்படி இருக்கிறது என்று அழைத்துச் சொல்வார். அதை ஏட்டில் எழுதுவோம். அதற்குக் கரைக் குறிப்பு என்று பெயர்.

அன்று அழைத்தவர் அஞ்சலை அக்கா. மாமல்லபுரத்துக்கும் திருவிடந்தைக்கும் இடையில் உள்ள ஒரு குப்பத்தைச் சேர்ந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரும் இன்னும் எட்டுப் பெண்களும் சேர்ந்து கடலில் ஆறு கூண்டுகள் போட்டிருந்தார்கள். இரும்புச் சட்டத்தில் வலை கட்டி, மிதவையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட கூண்டுகள். அவற்றில் சிறிய சிங்கி இறால்களை விட்டு, மட்டிச் சதை போட்டு வளர்த்தார்கள். குப்பத்துக்கு எதிரே கடலில் இருக்கும் பாறையின் தெற்குப் பக்கத்தில் அலை சற்று அடங்கியிருக்கும். அந்த இடத்தை அவர்கள் கேட்டபோது, நெத்திலி வலைக்கு இடைஞ்சல் என்று ஆண்கள் மறுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு, ஒரே ஒரு பருவத்துக்கு மட்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்து இசைந்தது. பருவம் நல்லபடி முடிந்தால் இடம் அவர்களுக்கு நிலைக்கும். முடியாவிட்டால் அது மறுபடியும் நெத்திலி வலைக்குப் போகும். அன்று காலை பணயத்தில் இருந்தது அந்த இடம்தான்.

"பாப்பா, அஞ்சல பேசறேன். தீனி போட வந்தோம். தண்ணி ஐஸு மாதிரி கீது இன்னிக்கி. தெண்டி இன்னும் வுடல, அப்டியே வடக்க இழுத்துகினு கீது. நண்டுங்கோ கூண்டுக் கயித்தப் புடிச்சினு மேல ஏறுது, பாத்துக்கோ."

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் தெண்டி என்பார்கள். புரட்டாசியில் அது தளரத் தொடங்க வேண்டும்.

"சரிங்க அக்கா," என்றேன்.

"சிங்கியெல்லாம் மேல்வலையில போயி ஒட்டிகினு கீது. டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். இன்னா பண்ணலாம் சொல்லு. இன்னிக்கே தூக்கிடலாமா, ஏவாரி வர்ற வரைக்கும் வுடலாமா?"

பாதி இறால்கள் அப்போதுதான் ஓடு கழற்றியிருந்தன. ஓடு இறுகாதவற்றை வியாபாரி எடுக்க மாட்டார். இறுக இன்னும் எட்டு நாள் வேண்டும். தூக்கினால் பாதி வீண் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். மாமல்லபுரத்தை ஒட்டிக் கடல் குளிர்ந்திருந்தது; பச்சையாகவும் இருந்தது. குளிர்ச்சியும் பச்சையும் சேர்ந்த இடத்தில் மீன் கூடும் என்பது நம் தொழிலின் முதல் பாடம். கணினியும் அந்த இடத்தில் தானாகவே மீன் குறி வைத்திருந்தது.

"தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. குளிர்ந்த நீரில் தீனியும் அதிகம் வரும். வைத்திருக்கலாம்."

"வெக்கலாம்ன்ற?"

"வைக்கலாம்."

அழைப்பைத் துண்டித்தேன். எனக்குத் தொலைபேசியில் பேசுவது பிடிக்காது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். எழுதச் சொன்னால் எழுதுவேன். முகம் தெரியாத குரலோடு பேசும்போது எப்போது முடியும் என்றே காத்திருப்பேன். நண்டு எப்போதிலிருந்து ஏறுகிறது, இதற்கு முன் இப்படிப் பார்த்ததுண்டா, கூண்டின் அடியில் ஓர் இறாலாவது இருக்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கலாம். அதற்கு இன்னும் ஒரு நிமிடம் பிடித்திருக்கும்.

ஏட்டில் இப்படி எழுதினேன்: 'நீர் குளிர்ச்சி. நண்டு வரத்து. வளம்.' பிறகு செய்தியைப் பதிவு செய்தேன். "இன்று நம் கரையோரம் குளிர்ந்த, வளமான நீர் வந்துள்ளது. நண்டுகள் கயிறு பற்றி ஏறி வருகின்றன. கரைக்கு அருகிலேயே வலை விடலாம்." இரண்டாவது வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்காகவே மறுமுறை நிறுத்தி நிதானமாகப் பதிவு செய்தேன். ஐந்து நாற்பதுக்கு அனுப்பினேன்.

பணி வாரங்களில் மாமல்லபுரத்து விடுதியில் தங்கியிருப்பேன். செய்தி போனதும் செங்கல்பட்டுப் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். அன்று பேருந்து திருக்கழுக்குன்றத்தில் நின்றிருந்தபோது ஏழுமலை அழைத்தார். அவர் அஞ்சலை அக்காவின் கொழுந்தன். கூண்டுக்குப் போய்வர ஃபைபர் படகு ஓட்டுபவர். நம் செய்திகளைக் கேட்டு நாள்தோறும் கிண்டல் செய்பவர்.

"இன்னாம்மா, காலங்காத்தால கோயில்ல அர்ச்சன பண்ற மாதிரி பேசுன? நண்டு தானா வந்து வூட்டு வாசல்ல நிக்குது. வலையே வேணாம், பொறுக்கிக்கினு கீறோம்."

"நல்லதுங்க."

"ஒண்ணுதான் பேஜாரு. ஒண்ணு கூட ஓட மாட்டேன்து. கைய வெச்சா கொடுக்கத் தூக்கக்கூட சோம்பேறித்தனம். உன் தமிழு கேட்டுத் தூங்கிப்போச்சா?"

நான் சிரித்தேன். ஓடாத நண்டு என்பது எவ்வளவு தவறான விஷயம் என்று ஒரு கணம் யோசித்திருந்தால், மணி எட்டுகூட ஆகாத அந்தப் பேருந்திலிருந்தே எல்லாவற்றையும் திருப்பியிருக்கலாம். நண்டைக் கையில் பிடித்தவர்கள் யாரும் அதற்குச் சிரிக்க மாட்டார்கள். ஏழுமலைகூட அதைச் சொல்லும்போது உண்மையில் சிரிக்கவில்லை. ஒரு குறையைக் கிண்டலில் பொதிந்து சொன்னார். அவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும். கேலியைத் தள்ளிவிட்டு உள்ளே இருப்பதைக் கேட்டுப் பழகுங்கள்.

வகுப்பு முடிந்து பன்னிரண்டு நாற்பதுக்குக் கைபேசியை எடுத்தபோது, தவறிய அழைப்புகள் ஐந்து இருந்தன. ஐந்தும் நம் நிலையத்தின் கடலியல் ஆய்வாளருடையவை. நாவலூரில் குடியிருப்பவர், அன்று வீட்டிலிருந்தே பணி பார்த்தார். அவர் பெயரை நான் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. பத்து மணிக்கு மேல்தான் என் பதிவைக் கேட்டிருக்கிறார். நான் திரும்ப அழைத்தேன்.

"அந்த நண்டு வரி யார் குடுத்தா?"

"கரைக் குறிப்பு மேடம்."

"அது வரலம்மா. ஓடுது. கீழே மூச்சு விட முடியல. கயிறு கிடைச்சா கயிறு, கரை கிடைச்சா கரைன்னு ஓடுது. நான் போன மாசம் அனுப்பின குறிப்பப் படிச்சியா?"

படித்திருந்தேன். மொழிபெயர்த்தும் வைத்திருந்தேன். அந்தக் குறிப்பில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இனி ஆண்டுதோறும் அது உங்கள் மேசைக்கு வரும். அந்த ஆண்டு சுமத்ராவின் மேற்கே கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறியிருந்தது. இவ்வாறு ஆகும்போது நிலநடுக்கோட்டுக் காற்று திசை மாறும். கடலுக்கடியில், மேலே உள்ள வெதுவெதுப்பான நீருக்கும் கீழே உள்ள குளிர்நீருக்கும் இடைப்பட்ட எல்லை ஓர் அலையாக எழும்பும். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. அந்த அலை சுமத்ராவில் மோதி, வடக்கே திரும்பி, மியான்மர், வங்கம், ஒடிசா, ஆந்திரம் என்று கரையை ஒட்டியே வந்து, பல வாரங்கள் கழித்து நம்மை அடையும். வந்ததும் ஆழத்து நீரைக் கரையருகே தூக்கிவிடும்; தளர வேண்டிய தெண்டியைத் தளரவிடாது. வங்கக் கடலின் ஆழத்து நீர் குளிர்ந்தது, உரம் மிகுந்தது. ஆனால் உயிர்கள் மூச்சுவிடப் போதுமான காற்று அதில் கரைந்திருக்காது. வானிலிருந்து எடுக்கும் படத்தில் குளிர்ச்சி தெரியும், பச்சை தெரியும். மூச்சு இல்லாதது தெரியாது.

அந்தக் குறிப்பில் ஊர்ப் பெயர் இல்லை. தேதி இல்லை. 'கரையோரத்தில் ஏற்படக்கூடும்' என்று மட்டும் இருந்தது. ஊர்ப் பெயரும் தேதியும் இல்லாத எதையும் 'பொதுத் தகவல்' என்ற கோப்பில் வைப்பது எங்கள் வழக்கம். அங்கேயே வைத்தேன். தொலைவில் தொடங்கும் தீங்கு ஊர்ப் பெயரோடு கிளம்பி வராது. ஊர்ப் பெயரை அதற்கு இடுவது நம் நாற்காலியின் வேலை. அன்று காலை அஞ்சலை அக்கா தொலைபேசியில் தந்ததும் அதுதான்: ஊர், தேதி, நேரம், எல்லாம். இரண்டும் என்னிடம் இருந்தன. நான் ஒன்றோடொன்றைச் சேர்க்கவில்லை.

"அந்தப் பக்கம் கூண்டு யாராவது போட்டிருக்காங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஆறு கூண்டு."

"தூக்கக்கூட வேணாம். ரெண்டு பாகம் மேல இழுத்துக் கட்டச் சொல்லு. மேல்தண்ணில காத்து இருக்கும். அது போதும். உடனே சொல்லு, அவங்க நம்பர் உங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

இரண்டு பாகம் என்பது இரண்டு முறை கை விரித்து அளக்கும் கயிறு. விடியற்காலையில் அஞ்சலை அக்கா படகிலேயே இருந்தார். கயிறு அவர் கையிலேயே இருந்தது.

அவர் எண்ணை அழைத்தேன், எடுக்கவில்லை. ஏழுமலையை அழைத்தேன்.

"அண்ணி இல்லம்மா. ஃபோனு வூட்ல சார்ஜுல கீது. மத்தவங்களும் ஃபோனு எடுத்துகினு போவல. புரட்டாசியாச்சே, இங்க நண்ட எவன் வாங்குவான்? நாவலூரு அபார்ட்மெண்ட்டுல வாங்குவாங்கோன்னு ஒம்போது பேரும் கூடையத் தூக்கிகினு ஷேர் ஆட்டோல பூட்டாங்கோ. நீதான மெசேஜுல சொன்ன, நண்டு கொட்டிக் கெடக்குதுன்னு."

கூண்டுகளை இரண்டு பாகம் மேலே இழுத்துக் கட்டுமாறு சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கிண்டலை நிறுத்தினார்.

"நான் கை வெக்க முடியாதும்மா."

"உங்கள் அண்ணியின் கூண்டுதானே?"

"அதான். பஞ்சாயத்துல வெச்ச கட்டு. ஒம்போது பேருல ஒருத்தி படகுல இல்லாம எவனும் கூண்டுக் கயித்தத் தொடக் கூடாது. களவு போவக் கூடாதுன்னு அவங்களே கேட்டு வாங்குன கட்டு அது. நான் போயி இழுத்து, உள்ள சிங்கி செத்துக் கெடந்தா ஊரு இன்னா சொல்லும்? நானே வுட்டுக் கொன்னேன்னு சொல்லும். எனக்கும் அந்த எடத்துல வுடறதுக்கு நெத்திலி வல கீது, தெரியும்ல?"

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தக் கட்டுப்பாடு கூண்டுகளைக் காப்பதற்காக வைத்தது. அன்று அதுவே கூண்டுகளைத் தொடவிடாமல் நின்றது. அதை மீறச் சொல்லும் தகுதி யாருக்காவது இருந்தாலும் எனக்கு இல்லை.

ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு இறங்கி, நாவலூரில் ஒவ்வொரு குடியிருப்பின் வாயிலிலும் கூடைக்காரப் பெண்களைத் தேடி நடந்தார். நான் செங்கல்பட்டிலிருந்து பேருந்து ஏறினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலான அந்தப் பயணத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலையில் அனுப்பிய பதிவை ஒருமுறை கேட்டேன். உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.

குப்பத்தை அடைந்தபோது மணி இரண்டரை. ஏழுமலை படகை நீர்விளிம்புக்குத் தள்ளி, இயந்திரத்தைப் பொருத்தி, ஏறாமல் நின்றிருந்தார். கரையில் நண்டுகள் இன்னும் கிடந்தன. யாரும் பொறுக்கவில்லை. மிதவைகள் ஆறும் கரையிலிருந்து தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடி நாங்கள் இருவரும் நாற்பது நிமிடம் நின்றோம். ஒருமுறை மட்டும் அவர், "இவ்ளோ கிட்ட கீது பாரு," என்றார்.

மூன்று பத்துக்கு ஆய்வாளர் பிடித்து அனுப்பிய வண்டியில் பெண்கள் வந்திறங்கினார்கள். அஞ்சலை அக்கா என்னைப் பார்த்தார், காலியான கூடையை மணலில் போட்டுவிட்டுப் படகில் ஏறினார். இன்னும் இருவர் ஏறினார்கள். நானும் வருவதாகச் சொன்னேன். "நீ வேணாம்," என்றார் ஏழுமலை.

முதல் மிதவையருகே படகு நின்றது. கயிற்றை இழுத்தார்கள். கூண்டு மேலே வந்தது. அவர்கள் அதைப் பார்த்தார்கள்; பிறகு அதை மறுபடி நீரில் விடாமல் படகில் ஏற்றினார்கள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்திருந்தால் மேலே இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த மிதவைக்குப் போயிருப்பார்கள்.

ஐந்து கூண்டுகளை அப்படி ஏற்றினார்கள், இரண்டு நடைகளில். ஆறாவதை மட்டும், பாறைக்கு மிக அருகில் இருந்ததை, மேலே இழுத்துக் கட்டினார்கள். அதில் சிலவற்றின் மீசை அசைந்ததாம். கரைக்கு வந்த கூண்டுகளை நான் பார்த்தேன். இறால்கள் எல்லாம் மேல்வலையில் கால்களைக் கோத்தபடியே செத்திருந்தன. அடிவலையில் ஒன்றுகூட இல்லை. காலையில் நான் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்விக்கு அது பதில்.

அஞ்சலை அக்கா ஒவ்வொன்றாக விரலால் கழற்றினார். நான் அருகில் போய், "என் தவறு அக்கா," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "ஏழுமல சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். நீ நல்ல தமிழ்ல சொன்ன. நம்பிட்டேன்."

இந்த இரண்டு ஆண்டுகளில் என் தமிழைப் பற்றிப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். இந்தச் சொற்கள்தான் எனக்கு நினைவிருக்கின்றன. ஐயமில்லாத வாக்கியத்துக்கு ஐயமில்லாத அறிவு பின்னால் இருப்பதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். அன்று என் பின்னால் ஒரு வண்ணப் படம் மட்டுமே இருந்தது.

மாலை ஆறு மணிக்கு அம்மன் கோயில் எதிரே பஞ்சாயத்து கூடியது. நான் அங்கே இருக்க வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் திரும்பிப் போக மனமில்லாமல் படகுகளின் அருகே நின்றேன். அஞ்சலை அக்கா நின்றுகொண்டே பதில் சொன்னார்.

"தண்ணி சில்லுனு கீது, நண்டு ஏறுதுன்னு காலையிலயே தெரிஞ்சுதுல்ல? அப்பறம் ஏன் தூக்கல?" என்று பஞ்சாயத்தாரில் ஒருவர் கேட்டார்.

"நாந்தான் வுட்டேன்."

"யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. நாந்தான்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான் இருப்பது அவருக்குத் தெரியும். நான் பேசவில்லை. அங்கே பேச எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது உண்மைதான். உண்மையான ஒன்றையே சாக்காக்கிக்கொள்வது மிகவும் எளிது.

இடம் நெத்திலி வலைக்குத் திரும்பும் என்று முடிவாயிற்று. பெண்களுக்குக் கடல் தெரியாது, இதற்குத்தான் முதலிலேயே வேண்டாம் என்றோம் என்று ஒருவர் சொன்னார். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பின்னர் நடந்த எதனாலும் அந்த முடிவு மாறவில்லை. பாறைக்குத் தெற்கே இன்று வலைதான் விடுகிறார்கள்.

கூட்டம் கலைந்தபோது ஏழுமலை என்னைச் சாலைவரை கொண்டுவந்து விட்டார். "உன் பேர அண்ணி சொல்ல மாட்டாம்மா. சொன்னா நாளைக்கு உன் மெசேஜ எவனும் கேக்க மாட்டான். போன பொயலுக்கு உன் மெசேஜ கேட்டுத்தான் எங்க அண்ணன் படகக் கரையில ஏத்தி வெச்சாரு. அது அவளுக்குத் தெரியும்."

அஞ்சலை அக்கா என்னைக் காக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. செய்தியைக் காத்தார். அதற்கு விலையாகத் தம் சொல்லைக் கொடுத்தார். இனி அந்தக் குப்பத்தில் கடலைப் பற்றி அவர் சொல்வதை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

பஞ்சாயத்தில் நடந்ததை ஆய்வாளரிடம் தொலைபேசியில் சொன்னேன். "நாளைக்குச் சரியான செய்தி போனா போதும்," என்றார். நம் நிலையத்தின் வழக்கம் அது. நேற்றைய செய்திக்கு மறுப்பு அனுப்புவதில்லை; புதிய செய்தி வந்தால் பழையது தானாக அற்றுப்போகும். அந்த வழக்கத்துக்கு நியாயமும் உண்டு. ஒருமுறை 'தவறாகச் சொன்னோம்' என்றால், அடுத்த புயலின்போது 'இதுவும் தவறாக இருக்கும்' என்று ஒருவர் கடலுக்குப் போகக்கூடும். அந்த ஒருவரை நான் வெகுநேரம் நினைத்துப் பார்த்தேன். அவர் கற்பனையானவர் அல்லர். ஆனால் அஞ்சலை அக்காவின் சொல்லும் கற்பனையானதன்று. சரியாகப் பார்த்து, சரியாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கரையில் அடுத்த முறை நண்டு கயிற்றில் ஏறும்போது அதைச் சொல்லப்போகிறவரும் அவரே. அவர் சொல்லை ஊர் கேட்காமற்போனால், என் செய்தியை ஊர் கேட்பதால் என்ன பயன்?

மறுநாள் காலை ஐந்து பத்துக்கு அஞ்சலை அக்கா அழைக்கவில்லை. நான் அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. ஏட்டைத் திறந்து, முந்தைய நாளின் 'வளம்' என்ற சொல்லை அடிக்காமல், அதற்கு எதிரே 'தவறு' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். பிறகு ஓர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கால் அளவு நீரில் இறங்கினேன். ஓராண்டுக்கு மேலாக நாள்தோறும் நான் விவரித்த தண்ணீரில் அன்றுதான் முதன்முதலாகக் கால் வைத்தேன். கணுக்கால் எலும்பு வலிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அங்கேயே நின்று பதிவு செய்தேன்.

"நேற்று இந்த நேரத்தில் நான் அனுப்பிய செய்தி தவறு. வந்திருப்பது மூச்சு இல்லாத தண்ணீர். நண்டு தப்பிக்கத்தான் ஏறியது. அஞ்சலை அக்கா அதை முதலில் பார்த்து, கூண்டைத் தூக்கலாமா என்று என்னிடம் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இறால் செத்தது என் பேச்சால். தண்ணீர் இன்னும் அப்படியே இருக்கிறது. கூண்டு வைத்திருப்பவர்கள் இரண்டு பாகம் மேலே இழுத்துக் கட்டுங்கள். இன்றைய தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்."

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினேன்.

அனுப்பியவுடன் கரையை விட்டுப் போய்விட எண்ணியிருந்தேன். அதற்குள் அருகிலிருந்த படகில் ஒரு கைபேசி ஒலித்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர் அதை ஒலிபெருக்கியில் போட்டார். அடுத்த படகில் ஒன்று. பிறகு கோயில் பக்கம், பிறகு வீடுகளுக்குள். ஒன்றுக்கொன்று சில நொடி முன்னும் பின்னுமாக, குப்பம் முழுவதும் என் குரல் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தது. மேட்டில் வெறும் கூண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவின் இடுப்பிலும் ஒலித்தது. அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதைக் காதில் வைத்தார். கடைசிக் கைபேசி பேசி முடியும்வரை நான் தண்ணீரிலிருந்து காலை எடுக்கவில்லை.